முடிச்சில் இருந்த ஐம்பது சதம்

நாணயங்களைப் பார்த்துத் தரம் சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்தும் கேட்டீர்கள். ஆகவே, நீண்டுவிட்டது என்று பிறகு முகம் சுளிக்கக் கூடாது.

வேலையின் நுட்பங்களை நான் எழுதப் போவதில்லை. எந்தத் தலை எந்த அரசர், எந்த ஆண்டுக் காசு அரிது, எதற்கு என்ன தரம் என்பதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. உங்கள் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது, பாதி பொய்யாக. "இந்தக் காசு உங்கள் வீட்டில் இருக்கிறதா? அப்படியென்றால் நீங்கள் இலட்சாதிபதி!" என்று கத்துகிற காணொளிகளால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருநாள் துணுக்காயிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து, பை நிறைய இரண்டு ரூபாய் நாணயக் குற்றிகளை மேசையில் கொட்டிவிட்டு, காணி வாங்கப் போகிற முகத்தோடு என் முன்னால் உட்கார்ந்தார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, மெல்ல மெல்லத் தரைக்கு இறக்குவதற்குள் அரைநாள் போய்விட்டது. திரும்பிப் போகும்போது அதே இரண்டு ரூபாய்களை எண்ணித்தான் பஸ்சுக்குக் கொடுத்திருப்பார்.

என்னுடைய கந்தோர் கிளிநொச்சியில் என் வீட்டு முன்னறைதான். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு லென்ஸ். வவுனியாவில் ஒரு நகைக்கடையில் உருக்குவதற்கு வந்த வெள்ளிக்குள்ளிருந்து நல்ல காசுகளைப் பொறுக்கி எடுக்கப் பழகி, அதுவே தொழிலாகி, முப்பது வருடம் ஓடிவிட்டது. ஊரில் என் பெயர் யாருக்கும் தெரியாது. காசக்கா என்றால்தான் வழி காட்டுவார்கள். காசு சேர்த்த அக்கா என்று நினைத்துக் கல்யாண வீட்டு மொய்யை என்னிடம் கூடுதலாக எதிர்பார்த்தவர்களும் உண்டு.

உங்களுக்குச் சொல்ல இரண்டு விஷயம் வைத்திருக்கிறேன். இரண்டும் நான் விட்ட பிழைகள். முதலாவது சின்னது. ஆனால் அதைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்ல முடியாது.

முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்கிற ஒருவர் என்னிடம் வருவார். மாரி முடிந்து கடல் அடங்கும்போது மணலில் ஒதுங்கும் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசுகளில் தொடங்கியது அவருடைய ஆசை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, ஒரு கையில் காசும் மறு கையில் மீனுமாக வருவார். ஒருமுறை, எங்கோ நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒரு வெள்ளிக்காசைக் கொண்டுவந்து, "நல்லதே அக்கா?" என்று கேட்டார். அது வார்த்து எடுத்த போலி. விளிம்பில் அச்சின் இரு பாதியும் பொருந்திய கோடு லென்ஸ் இல்லாமலே தெரிந்தது. ஆனால் அந்த மாதம் அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார். இதையும் சொல்லி அந்த மனிதனை ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைத்து, "ஓம், நல்லது" என்றுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அதைக் கொழும்புக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே சேகரிப்பாளர்கள் கூடியிருந்த இடத்தில், நாலு பேருக்கு முன்னால் சிரித்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு வழமைபோல் வந்தார். சத்தம் போடவில்லை.

"நீங்கள் அண்டைக்கே சொல்லியிருந்தா நான் வீட்டில இருந்து சிரிச்சிருப்பன் அக்கா. முன்பின் தெரியாத சனம் சிரிக்கப் பாத்துக்கொண்டு நிண்டன்," என்றார்.

சொல்லிவிட்டு, கொண்டுவந்த மீனையும் வைத்துவிட்டுத்தான் போனார். அந்த மீன்தான் என்னை அதிகமாகச் சுட்டது. அன்றிலிருந்து, ஆளுக்காகக் காசை நல்லது என்று சொல்லும் பழக்கத்தை விட்டேன். இது என் கருணை செத்ததால் இல்லை. என் கருணை அவருக்கு என்ன செய்தது என்று கண்டதால்.

இனி இரண்டாவது. நான் வேலையை விடுவதற்கு முந்தின வருடம் நடந்தது.

செல்வம் என்று ஒருவர். நாற்பது வயதிருக்கும். உருத்திரபுரத்தில் மிளகாய்த் தோட்டம். அவருடைய தாய் தகப்பன் மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். தகப்பன் இல்லை. தாய் லெட்சுமியம்மா இருக்கிறார். ஒருநாள் மத்தியானம் செல்வம் மோட்டார்சைக்கிளில் வந்து, மூடி போட்ட பழைய தகரப்பேணி ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"அக்கா, இதுக்குள்ள அம்மாவின்ர வெள்ளிக்காசு கிடக்கு. விக்கச் சொல்லிட்டா. ஃபோனில பாத்தனான், ஒண்டு ரெண்டு லச்சம் போகும் எண்டு சொல்லுறாங்கள்."

"அப்ப ஃபோனில சொன்னவனிட்டயே விக்கலாமே தம்பி?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "லச்சம் வேண்டாம் அக்கா. ஒரு தண்ணிப் பம்ப் எடுக்கக் காணுமெண்டாப் போதும். வாளியால அள்ளி ஊத்தி முதுகு முறியுது. பசளை எடுக்கக் கடைக்குப் போறன். பின்னேரம் வாறன்."

பேணிக்குள் கொஞ்சம் செப்புச் சதங்கள், ஆறு வெள்ளி ஐம்பது சதங்கள், அவற்றோடு முடிச்சுப் போட்ட ஒரு கந்தல் துணி. வன்னியில் காசு பார்க்கிறவளுக்குக் கந்தல் முடிச்சு புதினமில்லை. இங்குள்ள சனம் காசைக் கந்தலில் முடிந்து கொண்டுதான் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே ஏழாவது ஐம்பது சதம். ஏழிலும் ஒரே அரசர், ஒரே ஆண்டு. துணியைக் குப்பைக் கூடையில் போட்டேன். ஏழு காசையும் அசிற்றோன் ஊற்றிய கண்ணாடித் தட்டில் ஒன்றாகப் போட்டேன். அது காசைத் தேய்க்காது, எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் கழற்றிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். தட்டில் இருந்த திரவம் இலேசாக மஞ்சளித்தது. அதைக் கண்டேன். கண்டும் என் மண்டையில் ஏறவில்லை. காசுகளை எடுத்துக் கடதாசியில் காய வைத்துவிட்டு, குசினிக்குப் போய்ச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குச் செல்வம் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்ல மறந்து போனன். பேணிக்குள்ள ஒரு முடிச்சு இருக்காம். அது நேர்த்திக்காசு. அதைத் தொடாமல் தனிய எடுத்து வைக்கட்டாம் எண்டு அம்மா சொல்லுறா. நாளைக்கு விடிய வான் வெளிக்கிடுது. மலைநாட்டில அம்மாவின்ர பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போய் அதைப் போடப் போறா. அஞ்சு மணிக்கு வாறம்."

குப்பைக் கூடையில் கையை விட்டு அந்தத் துணியை எடுத்தேன். இப்போது பார்த்தால் குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும், அது மஞ்சளில் தோய்த்த துணி. காலம் போய்ப் பழுப்பாகியிருந்தது, அவ்வளவுதான். நானே எத்தனை நேர்த்திக்காசு முடிந்தவள்! பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வீட்டுக்காரருக்கு இடமாற்றம் என்றாலும், ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, காரியம் முடிந்ததும் கோயிலில் கொண்டுபோய்ப் போட்டவள். முடிந்த நிமிடமே அது சாமியின் காசு. அதை இடையில் அவிழ்ப்பதுமில்லை, வேறு காசுக்கு மாற்றுவதுமில்லை. இதெல்லாம் தெரிந்த நான்தான் அதை அவிழ்த்து, கலந்து, மஞ்சளும் போகக் கழுவி வைத்திருந்தேன். என் கண் காசைப் பார்த்தது. காசு எதற்குள் இருந்தது என்று பார்க்கவில்லை. பிள்ளைகளே, காசைத் தொட முன் அது வந்த கோலத்தை எழுதி வையுங்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அன்று மூன்று மணிக்குப் படித்தேன்.

வெள்ளைக் கடதாசியில் ஏழு காசும் வரிசையாகக் கிடந்தன. இரண்டு மணித்தியாலம் இருந்தது. உங்களிடம் ஒளிக்கவில்லை: முதலில் வந்த எண்ணம், ஏதாவது ஒன்றை எடுத்துப் புதுத் துணியில் முடிந்து வைத்துவிடுவோம் என்பதுதான். ஏழும் ஒரே அச்சு, ஒரே கறுப்பு. யாருக்குத் தெரியப் போகிறது? மஞ்சள் தூள் டப்பாவைக் கூட எடுத்துவிட்டேன். அப்போது எனக்குச் சாமிப்பயம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் உண்மையில் நினைவுக்கு வந்தது அந்த முல்லைத்தீவுக்காரரின் மீன். டப்பாவை மூடி வைத்துவிட்டு லென்ஸை எடுத்தேன்.

வெள்ளி காலப்போக்கில் கறுக்கும். ஆனால் எல்லா இடமும் ஒரே மாதிரிக் கறுக்காது. துணியோடு ஒட்டிக் கிடந்தால் துணியின் இழை வெள்ளியில் நிழல்போலப் பதியும். அசிற்றோன் மஞ்சளைக் கரைக்கும், அந்த நிழலைத் தொடாது. விளக்கைச் சரித்து, ஒவ்வொன்றாக, இரு பக்கமும் பார்த்தேன். ஐந்தில் ஒன்றும் இல்லை. இரண்டில் இழை தெரிந்தது.

இரண்டு! பேணியைக் கவிழ்த்துத் தட்டினேன். அடியில் சாக்குத்துண்டு ஒன்று விரித்திருந்தது. ஒரு காசில் பதிந்திருந்தது அந்தச் சாக்கின் தடித்த இழை, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். மற்றதில் இரு பக்கமும் மெல்லிய இழை. கந்தல் துணியை நீவி விரித்துப் பக்கத்தில் வைத்து, இழைகளை எண்ணிப் பார்த்தேன். பொருந்தியது. அதைவிட, அந்தக் காசில் மடிப்புக் கோடுகள் எல்லாம் விளிம்பில் ஒரே இடத்தை நோக்கி ஓடிக் கூடியிருந்தன. முடிச்சு விழுந்த இடம்!

எனக்கு வந்த சந்தோஷத்தில் எழும்பி அறையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன். பிறகு, பழக்க தோஷம், திரும்பவும் உட்கார்ந்து அந்தக் காசின் தரத்தைப் பார்த்தேன்.

பார்க்காமல் விட்டிருக்கலாம். அரசரின் புருவம், மயிர்ச்சுருள், முடியில் பதித்த மணிகள், ஒன்றும் தேயவில்லை. தலையைச் சுற்றியிருந்த வெறும் தளம், கறுப்புக்கு அடியில், கண்ணாடி. மற்ற ஆறும் தோட்டத்துக் கடையில் நூறு கை மாறி, முகம் மழுங்கி, கீறல் விழுந்த காசுகள். இது நாணயச்சாலையிலிருந்து வந்ததும் யாரோ பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய காசு. அந்த அரசரின் ஐம்பது சதத்தில் இவ்வளவு நல்லதை நான் அதுவரை கையில் பிடித்ததில்லை. இலட்சம் பெறாது. ஆனால் நல்ல தண்ணிப் பம்ப் ஒன்று எடுக்கலாம். மற்ற ஆறையும் சேர்த்தால் அதில் கால்வாசி வரும்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் செல்வம் தனியாக வந்தார். பசளை மூட்டை இருந்ததால் தாய் பின்னால் ஓட்டோவில் வருகிறார் என்றார். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவிழ்த்ததை, கலந்ததை, கண்டுபிடித்ததை. அவர் விலை கேட்டார். கேட்டால் சொல்வதுதானே என் வேலை, சொன்னேன். அவர் அந்தக் காசைக் கடதாசியோடு தன் பக்கம் இழுத்தார்.

"அக்கா, நான் சொல்லுறன் எண்டு கோவியாதேங்கோ. அம்மாவுக்குக் கண் சரியாத் தெரியாது. மற்றதில ஒண்டை முடிஞ்சு குடுங்கோவன். அதுவும் வெள்ளிதானே, அதே காசுதானே. அம்மன் என்ன, லென்ஸ் வச்சே பாக்கப் போறா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. கேட்டது தவறென்று அவரை நான் திட்டவும் இல்லை. வாளியால் அள்ளுகிற முதுகு அவருடையது. அத்தோடு, இரண்டு மணித்தியாலத்துக்கு முதல் மஞ்சள் டப்பாவை எடுத்தவள் நான்.

"தம்பி, பேணியைக் கொண்டுவந்தது நீங்கள். காசு அம்மாவின்ர. அவா வரட்டும், அவாவே சொல்லட்டும்," என்றேன்.

வாசலில் ஓட்டோ நின்றது. லெட்சுமியம்மா இறங்கி வந்தார். எண்பது வயதுக்கு நல்ல நிமிர்ந்த ஆள். வன்னிக்கு வந்து எவ்வளவு காலமானாலும் பேச்சு மலையகத்துப் பேச்சுத்தான்.

"முடிச்சு எங்க புள்ள?"

இந்த வேலையில் எத்தனையோ பேருக்கு அவர்கள் கேட்க விரும்பாததைச் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் காசின் மேல் பழியைப் போட்டுவிடலாம். இது என் பழி.

"அம்மா, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன். நேர்த்தி எண்டு கவனியாமல் முடிச்சை அவிட்டுப் போட்டன். மற்றக் காசோட கலந்தும் போச்சுது. பிறகு பாத்து எடுத்திருக்கிறன். இதுதான்."

அவர் துணியைப் பார்த்தார், காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செல்வம் முகட்டைப் பார்த்தார். முகட்டில் ஒன்றும் இல்லை.

"நெசமா இதுதானா?"

இழைக் கதையையும் முடிச்சுக் கதையையும் சொன்னேன். அவர் அதைப் பெரிதாகக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. காசை எடுத்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போகாமல், பெருவிரலால் மெல்லத் தடவினார்.

"வழுவழுன்னு இருக்கு. ஆமா, இதேதான்."

நான் சந்தோஷப்பட வாயைத் திறப்பதற்குள் அவர் கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவிழ்த்ததற்குத்தான் அழுகிறார் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையால் தடுத்தார்.

"நீ அவுத்ததுக்கு இல்ல புள்ள. நான் முடிஞ்சதுக்கு." கொஞ்சம் மூச்சு விட்டுச் சொன்னார். "தோட்டத்த விட்டுக் கெளம்புற அன்னைக்கி லொறி வந்து நிக்குது. இன்னும் விடியல, வெளக்கும் இல்ல. கல்யாணத்துக்கு எங்கப்பன் குடுத்த ஏழு வெள்ளிதான் எங்கிட்ட இருந்திச்சி. போற எடத்துல காடு வெட்டி ஒரு போகம் நெல்லு வீட்டுக்கு வந்தா ஒண்ணக் கொண்டாந்து போடுறேன்னு மாரியாத்தாளுக்கு முடிஞ்சேன். எப்புடி முடிஞ்சேன் தெரியுமா? ஒண்ணொண்ணா தடவிப் பாத்தேன். நல்ல காசு போற எடத்துல ஒதவும், தேஞ்சது ஒண்ண ஆத்தாளுக்குப் போடுவோம்னு. இது வழுவழுன்னு இருந்திச்சி. சரி, இதுதான் தேஞ்சதுன்னு முடிஞ்சிட்டேன்."

செல்வம் முகட்டிலிருந்து கண்ணை இறக்கினார். இதை அவர் முதல்முறையாகக் கேட்கிறார் என்று தெரிந்தது.

"மொதப் போகமே நெல்லு வந்திச்சி. போகணும்னு நெனைக்கிறப்ப எல்லாம், ஆத்தாளுக்கே மட்டமானதப் பொறுக்கினவ எந்த மூஞ்சியோட போயி நிக்கிறதுன்னு வெக்கமா இருக்கும். சண்டையில ரோடு பூட்டிக் கெடந்தப்ப எல்லாரும் அழுதாங்க. எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதிதான். இப்ப ரோடு தொறந்து எவ்வளவு காலம்! இனியும் போகாட்டி கண்ணு போயிரும்னுதான் பொறப்பட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த அம்மா நாளைக்குக் கோயிலுக்கு நேர்த்தி தீர்க்கப் போகவில்லை, மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று. என்ன சொல்ல வேண்டும் என்றும் விளங்கியது. அது உண்மையாகவும் இருந்தது. நம் தொழிலில் இரண்டும் ஒன்றாக வருகிற நாள் மிகக் குறைவு.

மற்ற ஆறு காசையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இதுகளையும் தடவிப் பாருங்கோ அம்மா."

தடவினார். "சொரசொரங்குது."

"கன கை மாறின காசு அப்பிடித்தான். மோதி, கீறுப்பட்டு, ஊத்தை ஏறிச் சொரசொரக்கும். ஒருத்தற்ற கையும் படாத காசுதான் உப்பிடி வழுக்கும். புதுசாப் பழக வாற பிள்ளையளும் வழுவழுப்பைத் தேய்வு எண்டுதான் நினைக்குங்கள். உங்கட கையும் பிழைச்சுப் போச்சு. நீங்கள் தேய்ஞ்சதைத் தேடினீங்கள், எடுத்தது ஏழுக்குள்ளயும் நல்லதை."

"பேணிக்குள்ள கெடந்ததால நல்லா இருக்கா?"

"இல்லையம்மா. எல்லாம் ஒரே பேணிக்குள்ளதானே கிடந்தது? பேணிக்குள்ள காசு கறுக்கும், தேயாது. நீங்கள் முடிஞ்ச அண்டைக்கே இதுதான் திறம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "எனக்காகச் சொல்றியா?"

"இல்லை. ஒருக்கா ஒருத்தருக்காகச் சொன்னனான். அதோட விட்டிட்டன்."

அவர் முழுதாக நம்பவில்லை. எண்பது வயது வரை வாழ்ந்தவர், ஆறுதல் வார்த்தைகளை நிறையக் கேட்டிருப்பார். என்னிடம் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தரம் பார்ப்பவரின் சொல்லை நம்பாதவருக்கு லென்ஸைக் கொடுக்கலாம். அவருக்கோ கண் தெரியாது. அப்போது செல்வம் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, அக்கா சொல்லுறது உண்மைதான். அதுதான் நல்ல காசு. அதுக்குத்தான் கூட விலை." பேணி மூடியைக் கையில் எடுத்தார். "நீ வர முதல், அதை எடுத்துப் போட்டு வேற தேய்ஞ்சதை முடிஞ்சு தரச் சொல்லி நான் அக்காவைக் கேட்டனான்."

லெட்சுமியம்மா மகனைப் பார்த்தார். இப்போது அடிதான் விழப் போகிறது என்று நான் நினைத்தேன். அவர் சிரித்தார். முதலில் தோள்தான் குலுங்கியது, பிறகு வாய்விட்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

"எம்புள்ளதான்! சந்தேகமே இல்ல!" என்றார். சிரிப்பு அடங்கியதும் காசை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "ஆத்தா என்னைய ஏமாத்த விடல, பாத்தியா. கையைப் புடிச்சி நல்லத எடுத்துக்கிட்டா," என்றார்.

முப்பது வருடத்தில் என் சொல்லை உறுதிப்படுத்த எத்தனையோ பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். செல்வம் அன்று சொன்ன சாட்சிக்கு நிகராக ஒன்றும் இல்லை. சொன்னதால் அவருக்குப் பம்ப் போனது. ஆனாலும் சொன்னார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது, அதை அன்றே அவரிடம் சொன்னேன். காதெல்லாம் சிவந்து போனார்.

"அம்மா, அது எவ்வளவு போகுமெண்டு தெரியுமே?" என்று தொடங்கினார்.

"வாய மூடு! வெல சொல்லாத. நீயும் சொல்லாத புள்ள. உண்டியல்ல விழுந்த பொறவு சொல்லு. இப்பக் கேட்டா எனக்கு என்னையவே நம்ப ஏலாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அவுத்த கைதான் முடியணும். மஞ்சள் இருக்கா?"

டப்பா மேசையிலேயே இருந்தது. புதுத் துணி வேண்டாம் என்றார். அந்தப் பழைய துணியையே மஞ்சளில் தோய்த்து, பழைய மடிப்பிலேயே முடிந்தேன். முடிந்த கை கூடவே வந்து கோயிலில் கொடுக்க வேண்டும் என்பதும் அவர் சட்டம். எனக்கு மறுநாள் இரண்டு பேர் வருவதாக இருந்தது. இருவருக்கும் தொலைபேசி எடுத்து வேறு நாள் சொன்னேன். விடியக் கருக்கலில் வான் வந்தது.

புளியங்குளத்தில் தேத்தண்ணீருக்கு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வவுனியா, பிறகு வெயில், பிறகு நித்திரை, பிறகு மலை. வான் முழுக்க அவர்களுடைய சொந்தக்காரர், பாட்டு, சோற்றுப் பார்சல். நான் மடியில் முடிச்சை வைத்துக்கொண்டு, இவ்வளவு நல்ல காசை இவ்வளவு கவனமாக வாழ்க்கையில் காவியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். கோயில் சின்னது. தேயிலைக்கு நடுவில், தகரக் கூரை, புதுசாக நீலம் பூசிய சுவர். லெட்சுமியம்மா படியில் ஏறும்போது யாரையும் பிடிக்க விடவில்லை. பூசை முடிந்ததும் நான் முடிச்சைக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, உண்டியல் வாயில் வைத்துத் தள்ளினார். துணியோடு விழுந்ததால் பெரிதாகச் சத்தம் கேட்கவில்லை.

நீங்கள் இதைப் படித்துவிட்டு, அவ்வளவு உயர்ந்த தரக் காசு ஒரு உண்டியலுக்குள் போய்விட்டதே என்று வயிறு எரிவீர்கள். எனக்கும் கொஞ்சம் எரிந்தது. நான் பார்த்த காசுகளில் மிகச் சிறந்த பத்தில் ஒன்று அது. அதற்கு நான் சான்றிதழ் எழுதவில்லை, உறை போடவில்லை, படம் கூட எடுக்கவில்லை. ஆனால் நான் சொன்ன தரங்களில் ஒருவருக்கு மிகவும் தேவைப்பட்ட தரம் அதுதான். காசு என்ன பெறும் என்று மட்டும் சொன்னால் நம் வேலை பாதிதான். அது எப்படி வாழ்ந்தது என்பதையும் காசு சொல்லும். கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்தால், எதைச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். செல்வம் அடுத்த வருடம் மிளகாய் விற்றுப் பம்ப் எடுத்தார். இப்போதும் அந்தப் பக்கம் போனால் எனக்கு ஒரு பை பச்சைமிளகாய் நிச்சயம்.

அன்று உண்டியலுக்கு முன்னால் நின்றபடியே லெட்சுமியம்மா என்னைக் கிட்ட வரும்படி சைகை செய்தார்.

"இப்பச் சொல்லு புள்ள. என்னா வெல?"

"ஒரு தண்ணிப் பம்ப் எடுக்கலாம் அம்மா."

"ஒரு பம்பா?"

"ஓம். புதுசு."

அவர் மகனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தலையை உயர்த்தி, கருவறைக்குள் இருந்த மாரியம்மனை நேருக்கு நேர் பார்த்தார்.

"கேட்டியா ஆத்தா?" என்றார். "புது பம்பு."